கொரோனா பீர் குடிக்கும் நண்பருக்கு நம் வீட்டு பீர்: முழுமையான வழிகாட்டி

வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த ஐபிஏ எனும் கசப்பு தூக்கலான பீரை நண்பர் கையில் கொடுக்கிறோம். ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு மச்சி" என்கிறார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கிளாஸ் அப்படியே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது. அவர் கையில் கூலரிலிருந்து எடுத்த கொரோனா. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சும் நம்மவர்கள் பலருக்கும் பழகிப்போன காட்சி இது.

அவருக்கு ருசி தெரியவில்லை என்று முடிவு கட்டுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. வருடக்கணக்கில் பட்வைசரோ ஹைனெக்கெனோ குடித்துவருபவரின் நாக்குக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: பழுதில்லாமல் நொதித்த பீர் எப்படி இருக்கும் என்பது. வெண்ணெய் வாடை, வெந்த முட்டைக்கோஸ் வாடை, பிளாஸ்டிக் வாடை எதுவும் அந்த பாட்டில்களில் வருவதில்லை. நம் பீரில் லேசாக வந்தாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பெயர் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

விருந்தாளிக்குப் பிடித்ததைச் சமைப்பதுதான் நம் வழக்கம். பீருக்கும் அதையே செய்யலாம். அவர் கையிலிருக்கும் பாட்டிலிலிருந்து தொடங்கி, அவருக்காகவே ஒரு பீர் காய்ச்சி, அவர் வாயில் படும் வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். மால்ட் (முளைகட்டிய பார்லி), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), ஈஸ்ட் (நொதிக்கவைப்பது) வைத்து ஒருமுறையாவது காய்ச்சியவர்களுக்காக எழுதுவது இது.

சட்டமும் பயமும்

அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு பீர் காய்ச்சுவது 1979 பிப்ரவரி 1 முதல் மத்திய சட்டப்படி சரி. ஜிம்மி கார்ட்டர் அதற்கு முந்தைய அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் அது. குடிக்கும் வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வருடம் 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் அனுமதித்தன. விற்கக் கூடாது, எந்த மாநிலத்திலும். பாட்லக் முடிந்து செலவை ஆளுக்கு இத்தனை டாலர் என்று பிரிக்கும்போது உங்கள் பீரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டுக்கு வெளியே எடுத்துப்போவதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம். ஆகவே இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் முயல வேண்டாம்.

அடுத்தது பயம். "வீட்ல காய்ச்சினதா? கண்ணு ஏதாவது போயிடாதே?" என்று நம் நண்பர்கள் கேட்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்ததைப் படித்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதைச் சிரித்து ஒதுக்காமல் பதில் சொல்லுங்கள். அங்கே ஆளைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். நாம் செய்வது நொதித்தல் மட்டும், வடிப்பதே இல்லை. நொதித்தலில் மெத்தனால் பெக்டினிலிருந்து உண்டாகிறது. பழங்களில் பெக்டின் உண்டு, பார்லியில் பொருட்படுத்தும் அளவுக்குக் கிடையாது. கடையில் வாங்கும் பீரும் நம் பீரும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். ஹாப்ஸ், ஆல்கஹால், புளிப்பு மூன்றும் சேர்ந்திருப்பதால் நன்றாக நொதித்து முடிந்த பீரில் நோய்க்கிருமிகளும் பிழைப்பதில்லை.

படி 1: அவர் என்ன குடிக்கிறார் என்று பாருங்கள்

"லைட் பீர்" என்று பொதுவாக எடுத்துக்கொள்ளாமல் பிராண்டைக் கேளுங்கள். பட் லைட், கூர்ஸ் லைட், மில்லர் லைட் மூன்றும் 4.2 சதவீத ஆல்கஹால். மொடேலோ எஸ்பெஷல் 4.4, கொரோனா எக்ஸ்ட்ரா 4.6. பட்வைசரும் ஹைனெக்கெனும் 5. குளிரில் மெதுவாக நொதிக்கும் பீருக்கு லேகர் என்று பெயர்; இந்த வகை அமெரிக்க லேகர்களின் கசப்பு பெரும்பாலும் 8-லிருந்து 18 ஐபியுவுக்குள் (கசப்பை அளக்கும் அலகு) நிற்கும். நாம் ஆசையாக நீட்டும் அமெரிக்க ஐபிஏவில் 40-லிருந்து 70 வரை. நாலைந்து மடங்கு கசப்பை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கொடுத்துவிட்டு, ஏன் முகம் சுளிக்கிறார் என்று கேட்பதில் நியாயமில்லை.

பிராண்ட் வேறு சில தகவல்களும் தரும். எலுமிச்சைத் துண்டைச் செருகிக் கொரோனா குடிப்பவருக்கு லேசான புளிப்பும் பழ வாசனையும் பிடிக்கும். ஹைனெக்கென்காரர் கொஞ்சம் கசப்பைத் தாங்குவார். ப்ளூ மூன் குடிப்பவர் என்றால் பாதி வேலை முடிந்தது. அவர் ஏற்கெனவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட கோதுமை பீர்தான் குடித்துக்கொண்டிருக்கிறார்.

மக்காச்சோளமும் அரிசியும் போட்டு மலிவாகச் செய்வதுதானே இந்த பீர் என்று ஹோம்ப்ரூ, அதாவது வீட்டில் காய்ச்சுபவர்கள் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா வந்த ஜெர்மானியர்களுக்கு இங்கே கிடைத்தது ஆறு வரிசைப் பார்லி. அதில் புரதம் அதிகம், பீர் கலங்கும், கனமாகவும் இருக்கும். சோளமும் அரிசியும் சேர்த்தபோது புரதத்தின் பங்கு குறைந்து, பளிங்கு மாதிரித் தெளிந்த, வயிற்றை அடைக்காத பீர் வந்தது. பட்வைசரில் இன்றும் அரிசி இருக்கிறது. அரிசியை மதிப்பதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படி 2: கிரீம் ஏல் காய்ச்சுங்கள்

என் தேர்வு கிரீம் ஏல். பெயரில் கிரீம் இருந்தாலும் பால் கிடையாது. அமெரிக்க லேகரின் குணத்தை, அறைச் சூட்டுக்குப் பக்கத்தில் வேலை செய்யும் ஏல் ஈஸ்டில் கொண்டுவரும் பாணி இது. லேகருக்கு வேண்டிய 12 டிகிரி செல்சியஸ் நொதித்தலும் மாதக்கணக்கான குளிர்சேமிப்பும் தேவையில்லை. கசப்பு 8-லிருந்து 20 ஐபியு, ஆல்கஹால் 4.2-லிருந்து 5.6 சதவீதம். நண்பரின் பாட்டிலுக்குப் பக்கத்து வீடு.

19 லிட்டருக்கு, அதாவது ஐந்து கேலனுக்கு நான் சொல்லும் அளவு:

இரண்டு வரிசை பேல் மால்ட் 3 கிலோ, ஃப்ளேக்ட் மெய்ஸ் எனும் சோள அவல் 700 கிராம், சாதாரணச் சர்க்கரை 200 கிராம். ஹாப்ஸ் லிபர்ட்டியோ வில்லமெட்டோ ஹாலர்டாவோ எதுவானாலும் சரி. ஹாப்ஸில் கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கொதிக்கத் தொடங்கியதும் 20 கிராம், இறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது 15 கிராம். ஈஸ்ட் சாஃப்ஏல் யுஎஸ்-05 ஒரு பாக்கெட். தொடக்க அடர்த்தி (தண்ணீருக்கு 1.000) 1.046 அளவில் வரும், முடிவில் 1.008-க்கு இறங்கினால் ஆல்கஹால் 5 சதவீதம். கசப்பு 14 ஐபியு சுமார்.

மால்டையும் சோள அவலையும் சேர்த்து 65 டிகிரி செல்சியஸில் 75 நிமிடம் ஊறவிடுங்கள். சோளத்துக்குச் சொந்தமாக என்சைம் கிடையாது, மால்டோடு சேர்ந்தால்தான் அதன் மாவு சர்க்கரையாகும். சூடு 68-க்கு ஏறினால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சி, பீர் தடிமனாகிவிடும். இந்த பீருக்கு வேண்டியது இனிப்பு மிஞ்சாமல் தண்ணீர் மாதிரி இறங்கும் தன்மை. 200 கிராம் சர்க்கரையும் அதற்காகத்தான். கொதி முடிய பத்து நிமிடம் இருக்கும்போது போட்டால் போதும்.

சோள அவலுக்குப் பதில் அரிசி போட ஆசையாக இருந்தால் தாராளமாகப் போடலாம். வாசனை இல்லாத பச்சரிசி 700 கிராம் எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கஞ்சி பதத்துக்குக் குழைய வேகவைத்து, ஆறவைத்து மால்டோடு கலக்குங்கள். வேகாத அரிசியை அப்படியே போட்டால் 65 டிகிரியில் அதன் மாவு திறக்காது, அரிசி அரிசியாகவே கிடக்கும். கஞ்சி சூடாகவே விழுந்தால் ஊறல் சூடு ஏறிவிடும், தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அரிசி போட்டது சோளத்தைவிட வாசனை குறைந்து, இன்னும் இலேசாக முடியும். பட்வைசர்காரருக்கு இதுதான் சரி.

படி 3: ஒளிய இடமில்லாத பீர் என்பதால் ஒவ்வொரு பழுதையும் முன்கூட்டியே தடுத்துவிடுங்கள்

வழிகாட்டியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஸ்டவுட் எனும் கறுப்பு பீரில் கருகின மால்டும், ஐபிஏவில் ஹாப்ஸும் நம் பிழைகளை மூடிவிடும். 14 ஐபியு கிரீம் ஏலில் மூடுவதற்கு எதுவும் இல்லை.

முதலில் தண்ணீர். நகரத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரினோ குளோரமினோ இருக்கும். அது பீரில் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்தால் பேண்ட்எய்ட் வாடை வரும். குளோரமின் கொதிக்கவைத்தாலும் லேசில் போகாது. குளோரினை முறிக்கும் கேம்ப்டன் மாத்திரை ஒன்று 20 கேலன் தண்ணீருக்குப் போதும். மொத்தத் தண்ணீருக்கும் அரை மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கிவிட்டால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது.

கொதிக்கும்போது பாத்திரத்தை மூடாதீர்கள். வெளிர் மால்டிலிருந்து டிஎம்எஸ் என்ற கந்தகச் சேர்மம் உருவாகிக்கொண்டே இருக்கும், ஆவியோடு வெளியேற வேண்டும். மூடினால் மூடியில் பட்டுத் திரும்ப விழும். வெந்த சோளக்கதிர் வாடை அங்கிருந்துதான். ஒரு மணி நேரம் திறந்து கொதிக்கவிட்டு, இறக்கியதும் சீக்கிரமாக 18 டிகிரிக்கு ஆற்றுங்கள்.

அடுத்து நொதிக்கும் சூடு. டெக்சஸ், கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய சவால். அறை 24 டிகிரியில் இருந்தால், மும்முரமாக நொதிக்கும்போது பீர் அதைவிட மூன்று நாலு டிகிரி சூடாக இருக்கும், ஈஸ்ட் தானே வெப்பம் விடுகிறது. சூடு கூடினால் பழ வாசனையும் சாராய நெடியும் சேரும். முதல் நான்கு நாள் 18 டிகிரியைப் பிடியுங்கள். தனி ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் பெரிய தொட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் நொதிகலனை நிறுத்தி, ஈரத் துணியைச் சுற்றி, காலையும் மாலையும் உறைந்த தண்ணீர் பாட்டில்களை மாற்றிப் போடுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து 20, 21 டிகிரிக்கு ஏறட்டும். ஈஸ்ட் தான் விட்ட வெண்ணெய் வாடையையும் பச்சை ஆப்பிள் வாடையையும் தானே திரும்ப எடுத்துக்கொள்ள அந்தச் சூடு உதவும்.

வெண்ணெய் வாடை போய்விட்டதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பீரை எடுங்கள். ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து ஆறவிடுங்கள், மற்றதை அப்படியே வையுங்கள். பிறகு இரண்டையும் முகருங்கள். சூடாக்கியதில் தியேட்டர் பாப்கார்ன் வாசனை வந்தால் பீர் இன்னும் தயாராகவில்லை, இரண்டு மூன்று நாள் விடுங்கள். இரண்டிலும் வராவிட்டால் மேலே போகலாம். இப்படிச் சோதிக்காமல் பாட்டிலில் அடைப்பது விருந்தாளியை வைத்துச் சோதிப்பதற்குச் சமம்.

நொதித்து முடிந்தபின் எதிரி காற்று. பீரைச் சலசலவென்று ஊற்றாமல் குழாய் வழியாக அடியிலிருந்து நிரப்புங்கள். ஆக்சிஜன் பட்ட பீரில் சில வாரங்களில் ஈர அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். சுத்தம் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, காய்ச்சுபவர்களுக்குத் தெரியும். கிருமிநீக்கி ஸ்டார் சான் ஐந்து கேலன் தண்ணீருக்கு ஒரு அவுன்ஸ், நுரையைக் கழுவ வேண்டாம்.

படி 4: தெளியவிடுங்கள்

கடை பீர் குடிப்பவருக்குக் கலங்கல் என்றால் கெட்டுப்போனது என்றே தோன்றும். முதல் தீர்ப்பு கண்ணில்தான் நடக்கிறது. கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஐரிஷ் மாஸோ வேர்ல்ஃப்ளாக் மாத்திரையோ போடுங்கள். இரண்டுமே கடற்பாசியிலிருந்து வருபவை. நொதித்து முடிந்ததும் 1, 2 டிகிரியில் நாலைந்து நாள் குளிரவிட்டால் ஈஸ்ட் அடியில் படிந்துவிடும்.

ஜெலட்டின் போட்டால் இன்னும் சீக்கிரம் தெளியும் என்று எல்லா ஹோம்ப்ரூ கையேட்டிலும் இருக்கும். நம் நண்பர் வட்டத்தில் சைவர்கள் இருப்பார்கள், குடிப்பார்கள், ஆனால் அசைவம் தொடமாட்டார்கள். ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ எடுப்பது. பீரைத் தெளியவைக்கும் இன்னொன்றான ஐசிங்கிளாஸ் மீனின் காற்றுப்பையிலிருந்து. பெரும்பகுதி அடியில் தங்கிவிடும் என்பது சமாதானமாகாது. நான் இரண்டையும் போடச் சொல்லமாட்டேன். ஒரு வாரம் கூடுதலாகக் குளிரில் வைத்தால் அதே தெளிவு கிடைக்கும்.

படி 5: கேஸ் கணக்கு

மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அளந்து அடர்த்தி மாறாமல் இருந்தால்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும். கடை லேகரில் கேஸ் அதிகம், 2.5-லிருந்து 2.7 வால்யூம் (ஒரு லிட்டர் பீரில் கரைந்த கேஸ் எத்தனை லிட்டர் என்ற கணக்கு). நம் ஆட்கள் ஆங்கில ஏல் கணக்கில் 2-க்கு அடைத்துவிட்டு "சாஃப்டா இருக்கு" என்று சொல்வார்கள். கொரோனாகாரருக்கு அது சப்பென்றுதான் தெரியும். 2.6 வால்யூமுக்கு 19 லிட்டரில் 125 கிராம் சர்க்கரை. கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பீரில் மெதுவாகக் கலந்து அடையுங்கள். கெக் எனும் பீர் பீப்பாய் வைத்திருப்பவர்கள் 3 டிகிரி குளிரில் 12 பிஎஸ்ஐ கேஸ் அழுத்தம் வைத்து ஒன்றிரண்டு வாரம் விட்டால் அதே அளவு வரும்.

பழுப்பு பாட்டில் மட்டும். ஹாப்ஸின் கசப்புச் சேர்மம் வெயில் பட்டால் உடைந்து ஸ்கங்க் நாற்றம் தரும். நிறமற்ற பாட்டிலும் பச்சை பாட்டிலும் வெளிச்சத்தைத் தடுக்காது. பின்கட்டில் பார்பிக்யூ நடக்கும்போது ஊற்றிய கிளாஸை வெயிலில் வைத்தாலே சில நிமிடங்களில் அந்த வாடை வரும், நிழலில் வைக்கச் சொல்லுங்கள்.

அடைத்த பாட்டில்கள் 20 டிகிரியில் இரண்டு வாரம், பிறகு ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி ஒரு வாரம். ஃப்ரிட்ஜில் இருக்கும் அந்த ஒரு வாரத்தைக் குறைக்காதீர்கள். அப்போதுதான் கேஸ் முழுமையாகக் கரையும், பாட்டில் ஈஸ்ட் அடியில் இறுகும். ஜூலை 4 விருந்துக்கு வேண்டுமென்றால் மே 20 வாக்கில் காய்ச்சியாக வேண்டும்.

படி 6: விருந்து மாலை

நண்பரின் வழக்கமான பிராண்டையும் ஒரு சிக்ஸ் பேக் வாங்கி வையுங்கள். இது மிக முக்கியம். கூலரில் அவருடைய பீர் இருக்கிறது என்று தெரிந்தால் அவர் நிம்மதியாக நம் பீரை ருசித்துப் பார்ப்பார். வேறு வழியே இல்லாமல் குடிக்கவைத்தால் அடுத்த முறை கையில் சிக்ஸ் பேக்கோடுதான் வருவார்.

கிளாஸை நீங்களே கழுவி வையுங்கள். கழுவியபின் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் படலமாக வழிய வேண்டும். துளித்துளியாக நின்றால் எண்ணெய்ப் பசை இருக்கிறது. பீர் ஊற்றியபின் கிளாஸின் பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதே அர்த்தம். எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும். பஜ்ஜி தின்ற உதடு பட்டால் நுரை இறங்கத்தான் செய்யும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. முதல் தடவை ஊற்றும்போதாவது வெள்ளையாக இரண்டு விரல் நுரை நிற்கட்டும்.

பாட்டிலை மேஜைக்குக் கொண்டுபோகாமல் சமையலறையிலேயே ஊற்றுங்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றி, அடியில் ஒரு சென்டிமீட்டர் மிஞ்சும்போது நிறுத்துங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் ஒவ்வொரு முறையும் ஈஸ்ட் கிளம்பும். நிறைய பேர் இருந்தால் ஒரு ஜக்கில் வடித்துக்கொண்டு பிரியுங்கள். அடி வண்டலைக் குடித்தால் ஆபத்தில்லை, ஆனால் முதல்முறை குடிப்பவருக்கு மாவு வாடையும் மறுநாள் வயிற்றில் கேஸும் எதற்கு?

கொடுக்கும் பீரின் குளிர்ச்சி 4 டிகிரி. நல்ல பீரை இவ்வளவு குளிரில் கொடுத்தால் வாசனை மறையும் என்பது மற்ற பாணிகளுக்குச் சரி. இந்த பீர் சில்லென்று குடிக்கவே செய்தது, நண்பரும் அப்படித்தான் பழகியிருக்கிறார்.

முதலில் 100 மில்லி ஊற்றுங்கள். நிறைந்த கிளாஸைக் கொடுத்தால் பிடிக்காவிட்டாலும் மரியாதைக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாப்பாட்டை "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவது நமக்கு ரத்தத்தில் ஊறியது. மதுவில் அது கூடவே கூடாது.

கொடுக்கும்போது ஒரே ஒரு வரி போதும். "மொடேலோ மாதிரிதான், சோளம் போட்டது, அஞ்சு பர்சென்ட்." என்ன ஹாப்ஸ், எத்தனை டிகிரி என்றெல்லாம் அவர் கேட்டால் சொல்லுங்கள். அவர் வாய் வைக்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அடுப்பைப் பார்க்கப் போய்விடுங்கள்.

தட்டில் என்ன வைப்பது? மிளகாயின் எரிச்சலைக் கேஸும் ஆல்கஹாலும் தூண்டும், ஹாப்ஸ் கசப்பும் சேர்ந்தால் நாக்கு தாங்காது. கசப்பு குறைந்த கிரீம் ஏல் நம் காரத்துக்கு இயல்பாகவே பொருந்தும். மிளகுக் கோழி வறுவல், வெங்காயம் எலுமிச்சை போட்ட வேர்க்கடலை மசாலா, நெத்திலி வறுவல், சைவத்துக்குக் காலிஃபிளவர் 65. என் வீட்டில் மொடேலோ தவிர வேறெதையும் தொடாத ஒரு நண்பர், கோழி வறுவலோடு இந்த பீரைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. பேச்சின் நடுவே காலி கிளாஸை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அந்தப் பாராட்டு எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆல்கஹால் அளவைச் சொல்லாமல் எதையும் ஊற்றாதீர்கள். அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 5 சதவீதத்தில் 355 மில்லி, அதாவது 14 கிராம் சுத்த ஆல்கஹால். நண்பர்கள் பாட்டிலை எண்ணித்தான் குடிப்பார்கள். "மூணு பீர்தானே" என்று கணக்குப் போடுபவருக்கு நீங்கள் 8 சதவீத டபுள் ஐபிஏ கொடுத்திருந்தால் அது கிட்டத்தட்ட ஐந்து. காரோட்டத் தடையான ரத்த ஆல்கஹால் அளவு பெரும்பாலான மாநிலங்களில் 0.08 சதவீதம், யூட்டாவில் 0.05. வண்டி ஓட்டப்போகிறவர் யார் என்று முதல் பாட்டில் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மில்க் ஸ்டவுட் மாதிரி லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை போட்டது இருந்தால் அதையும் சொல்லுங்கள், நம்மில் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதிகம்.

படி 7: கருத்தை எப்படிக் கேட்பது

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "உன்னோட பீரைவிடக் கசப்பு கூடவா, குறைவா?" "இதுல கேஸ் போதுமா?" "விழுங்கினப்புறம் வாயில ஏதாவது நிக்குதா?" என்று கேளுங்கள். இதற்கு யாரும் முகத்துக்காகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

ஆர்வமுள்ள கூட்டமாக இருந்தால் மூன்று கிளாஸ் சோதனை வையுங்கள். ஒரே மாதிரி மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பீர், மூன்றாவதில் வேறு. எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் கிரீம் ஏலையும் நண்பரின் பிராண்டையும் வைத்து நடத்தலாம். யாரையும் மடக்குவதற்காக இதைச் செய்யக் கூடாது. நீங்களும் உட்கார்ந்து குடியுங்கள், வேறொருவர் ஊற்றட்டும். உங்கள் பீரை எல்லோரும் சட்டென்று கண்டுபிடித்தால், எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்தப் பழுதைத் தேட வேண்டும் என்று அந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

படி 8: அவர் கேட்டால் மட்டும் அடுத்தது

"வேற என்ன பண்ணுவ?" என்று அவராகக் கேட்கும்போது ஒரு அடி மட்டும் எடுத்து வையுங்கள்.

நம்மவர்களுக்கு முதல் அடி பெல்ஜிய விட்பியர். கோதுமையும் பார்லியும் பாதிக்குப் பாதி, கசப்பு குறைவு, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும். இந்தியக் கடையில் கிடைக்கும் நீள்வாட்டமான தனியா இதற்கு மிகப் பொருத்தம், உருண்டை ரகத்தைவிட எலுமிச்சை வாசனை தூக்கலாக இருக்கும். 19 லிட்டருக்கு 15 கிராம் போதும், காய்ச்சும் அன்றைக்கே ஒன்றிரண்டாகத் தட்டி, கொதி முடிய ஐந்து நிமிடத்தில் போடுங்கள். வறுக்கக் கூடாது, வறுத்தால் சாம்பார் வாசனை வந்துவிடும். பொடியாகவும் அரைக்க வேண்டாம். இந்த பீர் கலங்கலாகத்தான் இருக்கும். கிரீம் ஏலைத் தெளிவாகப் பார்த்தவர் இப்போது கலங்கலை ஏற்றுக்கொள்வார்.

மொடேலோ நெக்ரா, யிங்லிங் பிடித்தவர்களுக்கு வியன்னா லேகரோ ஆம்பர் ஏலோ. ரொட்டி மேலோட்டு வாசனை, கசப்பு இன்னும் கட்டுக்குள். அது பிடித்தால் 30, 35 ஐபியுவில் ஒரு பேல் ஏல். ஐபிஏவை அவராகக் கேட்கும் வரை ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிடுங்கள். சிலர் கேட்கவே மாட்டார்கள், கிரீம் ஏலோடு நின்றுவிடுவார்கள். அவர்களுக்காக வருடம் இரண்டு முறை அதையே காய்ச்சுங்கள். என்னைக் கேட்டால், திரும்பத் திரும்ப ஒரே ருசியில் கிரீம் ஏல் எடுப்பவரைத்தான் நல்ல காய்ச்சுபவர் என்பேன்.

புறப்படும்போது யாராவது "ரெண்டு பாட்டில் குடு, வீட்ல வச்சுக் குடிக்கிறேன்" என்றால் குளிர்ந்த பாட்டிலாகக் கொடுங்கள். கழுத்தில் ஒரு டேப் ஒட்டி பீரின் பெயர், ஆல்கஹால் அளவு, அடைத்த தேதி மூன்றையும் எழுதுங்கள். காரின் டிரங்கில் வைக்கச் சொல்லுங்கள், வெயிலில் நிறுத்திய காரில் மறந்து விட்டுவிடக் கூடாது, அழுத்தம் ஏறினால் பாட்டில் வெடிக்கக்கூடும். போனதும் ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டுத் திறக்கட்டும். அடியில் ஒரு சென்டிமீட்டர் விட்டு ஊற்றவும் ஞாபகப்படுத்துங்கள். குடித்து முடித்த கையோடு பாட்டிலை வெந்நீரில் மூன்று முறை அலசி, கவிழ்த்துக் காயவைத்து அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். காய்ந்த வண்டலைச் சுரண்டுவது பெரும்பாடு.